பதினான்கு உத்திரங்கள்

திருவண்ணாமலை
1982, ஐப்பசி 18

மகன் மூர்த்திக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். உன்னிடமிருந்தும் மருமகள் சந்திரகலாவிடமிருந்தும் கடிதம் வந்து ஒன்றரை மாதமாகிறது. ஓசூரில் குளிர் ஜாஸ்தி என்கிறார்கள். குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடச் சொல்.

இங்கே பத்து நாளாய் மழை. மலை உச்சி தெரிகிற நேரமே கம்மி. ஆனாலும் சத்திரத்துக்குள் ஒரு சொட்டு ஒழுகவில்லை. பதினோரு வருஷமாய் இந்தச் சத்திரத்துக்கு வாட்ச்மேனாக இருந்து, மழை வந்தால் யாத்திரைக்காரர்களை மூலைக்கு மூலை மாற்றிப் படுக்கவைத்தவன் நான். எத்தனை மனு எழுதியும் சத்திரக் கமிட்டி ஒரு கூடை சுண்ணாம்பு கொடுத்ததில்லை. சக்கரபாணி முதலாளியின் ஆயில் மில் இருபது வருஷத்துக்குப் பராமரிப்பை எடுத்துக்கொண்ட பிறகுதான் இந்தப் பழைய கட்டிடத்துக்கு டியூப்லைட்டும் தண்ணீர்க் குழாயும் கதவு வைத்த கக்கூசும் வந்தன. டியூப்லைட்டில் மில் பெயரை இத்தனை பெரிதாக எழுதினதில் பாதி வெளிச்சம்தான் கீழே வருகிறது, அது வேறு கதை. நான் குறை சொல்லவில்லை. தனியாரிடம் கொடுத்தால் சத்திரமே போய்விடும் என்று டீக்கடையில் பேசினவர்களோடு மல்லுக்கு நின்றவன் நான். அதிலும் முதலாளியின் ஓசூர் ஆபீசில் இருக்கிற நீயே மில் சார்பில் வேலையை மேற்பார்வை பார்க்க வந்தபோது உன் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கூடத்தைப் பெருக்கும்போது மூன்றாவது உத்திரத்துக்கு நேர் கீழே தினமும் மாவு மாதிரி கொட்டிக் கிடக்கிறது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். உத்திரத்தை மூடி அடித்திருக்கிற பலகைகள் சேருகிற இடத்தில் ஒரு சைக்கிள் கம்பியை விட்டேன். முழுசாய் உள்ளே போய்விட்டது. மற்றதிலும் விட்டுப் பார்த்தேன். பதினான்கில் ஒன்பதில் போகிறது. புதுத் தேக்கில் கம்பி போகுமா மூர்த்தி? ஒழுகாமல் இருக்க மேலே ஜல்லியும் சிமெண்டுமாய் ஒரு சாண் கனத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். அத்தனையையும் இந்தச் செல்லரித்த கட்டைதான் சுமக்கிறதா?

சித்திரையில் பதினான்கு தேக்கு உத்திரங்கள் லாரியில் வந்து இறங்கியதை எண்ணி வாங்கியது நான்தான். இழைத்துக் கொண்டுவர வேண்டும் என்று மில் மேனேஜர் பரசுராமன் அவற்றைத் திரும்ப ஏற்றியபோது கேட்டைத் திறந்துவிட்டு ஒரு பக்கம் தோள் கொடுத்ததும் நான்தான். அப்புறம் கூடத்தைப் பூட்டிக்கொண்டு இருபது நாள் வேலை நடந்தது. நீ ஓசூருக்கும் இங்கேயுமாய் அலைந்துகொண்டிருந்தாய். திறந்தபோது எல்லா உத்திரத்துக்கும் பலகை அடித்து வார்னிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தது. பதினான்கு புது உத்திரம் பொருத்தியாயிற்று என்று நீ கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கமிட்டி ஆபீசில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

உனக்குத் தெரியாமல் ஏதோ நடந்திருக்க வேண்டும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தீபத்துக்கு இன்னும் இருபத்தாறு நாள். இந்த வருஷம் சத்திரத்து மொட்டைமாடியில் ஜமுக்காளம் விரித்து நானூறு பேர் தீபம் பார்க்க முதலாளி ஏற்பாடு செய்கிறார். உன் அம்மா தச்சம்பட்டுக்கே ஆள் விட்டு, எம்புள்ள கட்டின மாடியில குந்திக்கினு தீபம் பாக்கலாம், எல்லாரும் வாங்கன்னு சொந்தக்காரர்களை அழைத்துவிட்டாள். உடனே ஒரு வரி எழுது. நீ எழுதினால் பலகையைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சடையன்

*

திருவண்ணாமலை
கார்த்திகை 4

மகன் மூர்த்திக்கு,

உன் கடிதமும் ஸ்வெட்டரும் வந்தன. ஸ்வெட்டர் அளவாக இருக்கிறது. அம்மா அதை அக்கம்பக்கத்தில் காட்டிவிட்டு வந்தாள்.

கடிதத்தை நாலு தரம் படித்தேன். எனக்கு வயதாகிவிட்டது, வீண் பயம் என்று எழுதியிருக்கிறாய். கண்ட இடத்தில் கம்பியை விட்டால் வார்னிஷ் போய்விடும் என்று எழுதியிருக்கிறாய். கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைத்த நேரத்தில் வம்பு வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறாய். எல்லாம் சரி. உள்ளே இருப்பது புதுத் தேக்கு என்று மட்டும் எழுதவில்லையே மூர்த்தி. அந்த ஒரு வார்த்தையைத்தான் நாலு தரமும் தேடினேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றுவலி என்று உன் அம்மாவிடம் சொன்னேன்.

நான் சும்மா இருக்கவில்லை. கமிட்டி செக்ரட்டரியிடம் போய், மேலே ஆள் நடந்தால் கீழே முனகல் கேட்கிறது, தீபத்தன்று யாரையும் மாடிக்கு விடவேண்டாம் என்றேன். அவர் கண்ணாடிச் சட்டத்தைக் காட்டி, பெரியவரே, உங்க புள்ள கையெழுத்துதான இது, அவனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சான்னு சிரித்தார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரைக்கும் வந்தது. என் பிள்ளை பொய்க் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வணக்கம் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

முதலாளியையும் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு ஒன்றுமே தெரியாது என்பதுதான் பெரிய துக்கமாக இருக்கிறது. கட்டிடத்தைப் பற்றி நான் வாயைத் திறப்பதற்குள், உங்க பையன் தங்கம், அவங்கம்மாவை மாடியில முன்வரிசையில உக்கார வைக்கணும்னு பரசுராமனுக்கு உத்தரவு போட்டார். பரசுராமன் என்னை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டான். தோளில் கைபோட்டுக்கொண்டு, பலகையைப் பிரிச்சா மொதல்ல உள்ள போறது உங்க மூர்த்திதான், அப்பாவே புள்ளையைப் புடிச்சுக் குடுப்பாரான்னு கேட்டான். அவன் கையை உதறிவிட்டு வந்தேன். ஆனால் அவன் சொன்னதை உதற முடியவில்லை.

நீ வா. கடிதம் வேண்டாம், நேரில் வா. முதலாளியிடம் நீயும் நானும் போவோம். பயந்துபோய்ச் செய்துவிட்டேன் என்று சொல். அவர் மனுஷன், உன்னைக் கொன்றுவிட மாட்டார். வேலை போனால் போகட்டும், கழனி இருக்கிறது, கஞ்சி குடிப்போம்.

உன் அப்பா
சடையன்

*

திருவண்ணாமலை
கார்த்திகை 10

மூர்த்தி,

கொடியேறி ஐந்தாம் நாள். ஊரில் கால் வைக்க இடமில்லை. நீ மட்டும் வரவில்லை.

நான் சாகக் கிடப்பதாக உனக்குத் தந்தி கொடுத்தேன். அது பொய்தான், ஆனாலும் நீ அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவாய் என்று காலையும் மாலையும் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். நீ மில்லுக்குப் போன் போட்டுப் பரசுராமனிடம் விசாரித்தாயாம். உங்கப்பா கல்லு மாதிரி நடந்துக்கினு இருக்காருன்னு அவன் சொன்னானாம். அவனே வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தான். அவமானத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

மாடிப்படிக் கதவைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டேன். பந்தல் ஆட்கள் பூட்டை உடைத்துவிட்டார்கள். நாற்காலியும் மைக்செட்டும் மேலே போய்விட்டன. இன்றைக்கு எட்டுப்பேர் ஏறி நடந்ததற்கே மூன்றாவது உத்திரத்துப் பலகை ஒரு விரல் பிரிந்திருக்கிறது. கீழே கூடத்தில் அன்னதானப் பந்தி. மேலே நானூறு பேர், கீழே இருநூறு பேர். எனக்குக் கணக்குத் தெரியாது என்று நினைக்கிறாயா?

உன் காலில் விழுகிறேன். அப்பன் மகன் காலில் விழக்கூடாது என்று தெரியும். வந்துவிடு.

சடையன்

*

திருவண்ணாமலை
கார்த்திகை 14, காலை

அன்புள்ள மகன் மூர்த்திக்கு அப்பா எழுதுவது.

போஸ்ட் ஆபீசில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாளைக்குத் தீபம். இது உன் கைக்கு வரும்போது தீபம் முடிந்திருக்கும்.

நேற்று தச்சம்பட்டிலிருந்து நாற்பத்து மூன்று பேர் வந்து இறங்கினார்கள். உன் பெரியம்மா காசியம்மாள், பிள்ளைத்தாய்ச்சியாய் இருக்கிற அவள் மகள் திரௌபதி, எல்லாரும். உன் அம்மா அவர்களைக் கூடத்தில் நிறுத்தி ஒவ்வொரு உத்திரத்தையும் கை நீட்டிக் காட்டினாள். மூன்றாவதுக்குக் கீழே நின்றுகொண்டுதான் காட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படி இருந்ததில்லை. அங்கேயே சொல்லிவிடலாம் என்று நினைத்தவன் சொல்லாமல் தொட்டிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

இன்று விடிந்ததும் ஒன்று புரிந்தது. சத்திரத்து வாட்ச்மேன் வந்து கட்டிடம் விழும் என்று சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். திருடிவிட்டேன் என்று சொன்னால் உடனே நம்புவார்கள். அதற்கு யாரும் சாட்சி கேட்கமாட்டார்கள்.

இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். சித்திரையில் வந்த பதினான்கு தேக்கையும் நான்தான் விற்றேன், பழைய கட்டைக்கே பலகை அடிக்க வைத்தேன், ஓசூரிலிருந்த என் மகன் என் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டான் என்று சொல்லப் போகிறேன். பலகையைப் பிரித்துப் பாருங்கள் என்பேன். பிரித்துப் பார்த்த பிறகு மாடிக்கு ஒரு பூனையைக்கூட விடமாட்டார்கள். பரசுராமன் மறுக்கமாட்டான். அவனுக்கும் இதுதான் சௌகரியம்.

ஏன் அப்பா என்று கேட்காதே. வேறு வழி இருந்தால் நீதான் சொல்லியிருக்க வேண்டும். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். நிறைய இருக்கிறது. அடிக்கிற வயதைத் தாண்டிவிட்டாய், அதனால் எழுதுவதோடு விடுகிறேன்.

இத்தனை நாள் வா, வா என்று எழுதினேன். இப்போது வராதே என்கிறேன். உன்னை விசாரித்தால், அப்பா சொன்னதை நம்பினேன் என்று மட்டும் சொல். அதற்குமேல் பேசாதே. பொய் சொன்னால் சின்ன வயதிலிருந்தே உனக்குக் காது சிவந்துவிடும்.

ஊர்க்காரர்களெல்லாம் போன பிறகு வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. அவளுக்குப் பல்வலி இருக்கிறது, சொல்லமாட்டாள், நீயாக டாக்டரிடம் காட்டு. என்னை அவள் திட்டினால் திட்டட்டும். நீ குறுக்கே புகுந்து எனக்காகப் பேசாதே. உண்மையைச் சொல்லி மனப்பாரத்தை இறக்கிவைக்கலாம் என்று உனக்கு ஒருநாள் தோன்றும். அன்றைக்கும் அவளிடம் சொல்லாதே. என்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டு அவள் மிச்ச நாளைத் தள்ளிவிடுவாள். உன்னை அப்படி நினைத்தால் அவளால் முடியாது.

மருமகளுக்கும் பேத்திக்கும் என் ஆசீர்வாதம். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருங்கள். நீங்கள் படுத்துத் தூங்குகிற வீட்டின் கூரை என்றைக்கும் உறுதியாக இருக்கட்டும்.

உன் அப்பா
சடையன்