ஒரு வரியை மேலே ஏற்றியவருக்கு

நானா,

இன்று காலை என் திரையில் மென்பொருள் சோதனை ஒன்று தோற்றுச் சிவப்பாக நின்றது. புதிதாகச் சேர்ந்தவள் நிரலில் இரண்டு வரிகளை இடம் மாற்றியிருந்தாள். உடனே, அண்ணன் முறையில் எல்லோரும் நானா என்றழைத்த உங்கள் முகம் வந்தது. விரும்பி நினைக்கவில்லை.

கல்முனை அலுவலகத்தில் உங்களுக்குக் கீழே நான் வேலை செய்தபோது, கடலிலிருந்து உதவி கேட்டு வரும் அழைப்புகளை வரிசைப்படுத்தும் மென்பொருளை எழுதினோம். ரஸ்ட் மொழியில் ஒரு வரி போட்டால் போதும். இரண்டு அழைப்புகள் சமமா, எது முந்தியது என்று ஒப்பிடும் விதியை, நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலரே எழுதிக்கொள்ளும். ஆனால் நாம் விவரங்களை அடுக்கிய ஒழுங்கிலேயே அது ஒப்பிடும். ஆபத்தின் அளவை முதலிலும் நேரத்தை அடுத்தும் வைத்தேன். அது மாறாதிருக்கச் சோதனையும் எழுதினேன்.

நீங்கள் நேரத்தை மேலே ஏற்றினீர்கள். பார்க்க அழகாக இருக்கிறதாம். சோதனை தோற்றது. சோதனையையே அழித்தீர்கள்.

“கம்பைலர் எழுதினத்துக்கு டெஸ்ட் எதுக்கு புள்ள? ஒனக்கு வேற வேல இல்லயா?” என்று எல்லோர் முன்னும் சிரித்தீர்கள். அனுபவம், அனுபவம் என்று நெஞ்சை நிமிர்த்தியவருக்கு இரண்டு வரி வாசிக்கப் பொறுமை இருக்கவில்லை.

அடுத்த வாரம் ஒலுவிலிலிருந்து போன படகொன்றில் தண்ணீர் ஏறியது. அந்த அழைப்பு, அதற்கு முன்பே அழைத்து டீசல் கேட்டவர்களுக்கும் கீழே போய்க் கிடந்தது. மூன்று பேர் வெறும் கேன்களைப் பிடித்தபடி மதியம் வரை மிதந்தார்கள். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த பாலமுனைப் படகு தூக்கியது.

தண்ணீர் ஏறிய படகின் சொந்தக்காரர் அலுவலகத்துக்கு வந்தபோது நீங்கள் கதிரையை விட்டு எழும்பவுமில்லை. “அந்தப் புள்ளதான் எழுதின” என்று விரலை நீட்டினீர்கள். அவர் போனபின், வரியை மாற்றியவராக உங்கள் பெயர் நிரலின் பதிவில் இருப்பதைக் காட்டினேன்.

“ஓம், பாத்தன். அத உடு.”

வேலை போய்விடும் என்ற பயத்தில் நானும் படகுக்காரரிடம் உண்மையைச் சொல்லவில்லை. அதற்காக என்னையும் நான் மதிக்கவில்லை.

பிறகு மாரடைப்பில் போய்விட்டீர்கள். இழவுக்குக் கூடிய மையித்து வீட்டில் உங்களைப் பெரிய மூளை என்றார்கள். வாசலில் நின்ற அந்தப் படகுக்காரர் என்னைக் கண்டு கிட்ட வந்தார்.

“மவுத்தெண்டா இவ்வளவுதான் மகள். நான் ஒனக்கு மாப்புத் தந்திட்டன், மன்னிச்சிட்டன். மனசில வெச்சிக்கிடாத.”

உள்ளே உங்கள் மனைவி அழுதுகொண்டிருந்தார். அங்கே உண்மையைச் சொல்ல மனமில்லாமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

உங்களுக்காக இறைவனிடம் கையேந்தினால் இன்னும் வார்த்தை வருவதில்லை. உங்களுக்குப் போக வேண்டிய மாப்பு என்னிடம்தான் இருக்கிறது.