லயனல் ஒழித்த டிங்கோக்கள்

அன்பு மகள் டெல்விக்கு,

நானும் உன் அப்பாவும் நலம், மாடுகளும் நலம். கிளாஸ்கோ குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சுகமில்லாதவன் பக்கத்துப் பண்ணை லயனல் ஒருவன்தான், அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊர் மண்டபத்தில் அவன் டிங்கோ கடித்துச் செத்த கன்றுக்குட்டியின் படத்தைத் தூக்கிக் காட்டி, இந்த வட்டாரத்தில் அந்தக் காட்டுநாய் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்று முழங்கினானே, நினைவிருக்கிறதா? நமக்கும்தான் வருஷத்துக்கு நாலைந்து கன்று போகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் நான் எழுந்து, "டிங்கோ இல்லைன்னா கங்காருவ யாரு வெரட்டுவா லயனல், நீயா ஓடுவ?" என்று கேட்டேன். அந்தத் தொப்பையோடு அவன் ஓடுவதை நினைத்து நாலு பேர் சிரித்தார்கள். அவன் விடுவானா, "நோரீனுக்கு அவ்ளோ பாசம்னா அந்த நாய்ங்கள வீட்டுக்குள்ள வச்சி வளக்கட்டுமே" என்றான். மண்டபமே சிரித்தது, உன் அப்பா உட்பட. நம்மைத் தவிர எல்லோரும் விஷம் வைக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

விமானம் வந்து, கையெழுத்துப் போட்டவர்களின் நிலமெல்லாம் விஷ இறைச்சியை வீசிவிட்டுப் போனது. முதலில் அதைத் தின்று செத்தது லயனலின் சொந்த நாய், அவன் மாடுகளை மேய்க்கிற நாய். அப்புறம்தான் டிங்கோக்கள். அவற்றை வேலியில் வரிசையாகத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பக்கத்தில் நின்று படம் வேறு எடுத்துக்கொண்டான் மகா வீரன். மழை பெய்ததும் கங்காருக்கள் கூட்டம் கூட்டமாக இறங்கின, பயமுறுத்த ஒன்றும் இல்லை, மண் தெரிய மேய்ந்துவிட்டன. நரியும் காட்டுப்பூனையும் பெருகி, தரையில் முட்டையிடும் பறவைகளைத் துடைத்துவிட்டன. பிறகு இந்த வறட்சி. நம் பக்கம் டிங்கோ இருக்கிறது, அதனால் கங்காரு குறைவு, புல் நிற்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் புரிகிற கணக்கு, நாற்பது வருஷம் மாடு வளர்த்தவனுக்குப் புரியவில்லை.

போன மாதம் வாசலில் வந்து நின்றான். "நோரீன், மழை வர்ற வரைக்கும் என் பசுங்கள உங்க பக்கம் விடட்டுமா?" என்றான். "தாராளமா விடு. அதே மண்டபத்துல நின்னு, இனிமே விஷம் வைக்க மாட்டேன்னு சொல்லிட்டு விடு" என்றேன். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எழுந்து தரையைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்தான். "சத்தமா சொல்லு லயனல், பின்னாடி கேக்கல" என்றேன். உன் அப்பா என் காலை மிதித்தார். லயனல் சத்தமாகவே சொன்னான்.

மறுநாள் காலை மாடுகள் வந்தன. விலா எலும்பை எண்ணிவிடலாம் டெல்வி. ஒரு பசு நம் கேட்டைத் தாண்டியதும் படுத்துவிட்டது. லயனல் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாளியிலிருந்து தண்ணீரை அள்ளி அள்ளிப் புகட்டினான். எனக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை, வாளியை நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்துப் பசு எழுந்து நின்றது. அன்றே எனக்கு வாயும் திரும்பிவிட்டது.

வலிக்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடைவாய்ப் பல்லைத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டு. உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பாய்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா நோரீன்