ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

மாட்டுங்கா, மும்பை
புதன்கிழமை

சௌபாக்கியவதி ஷ்ருதிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். போலந்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் குளிரைச் சமாளித்துக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் அம்மா வேண்டிக்கொள்கிறாள், நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ, அப்பா ஒரு நிமிஷம், மீட்டிங்ல இருக்கேன் என்று சொன்னால் அந்த ஒரு நிமிஷத்துக்குள் என் தைரியமெல்லாம் வடிந்துவிடுகிறது, ஒன்றுமில்லையம்மா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். இந்த வாரம் இரண்டு தடவை அப்படித்தான் ஆயிற்று. அதனால் தாளில் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். உன் போன் ஆபீஸில் கொடுத்தது, அதில் யார் எதைப் பார்ப்பார்களோ எனக்குத் தெரியாது, அதனால்தான் தமிழில், அதுவும் கையெழுத்தில். உனக்குத் தமிழ் வேகமாகப் படிக்க வராது. எழுத்துக் கூட்டியாவது கடைசி வரை படித்துவிடு, பாதியில் வைத்துவிடாதே. முக்கியமான விஷயம் பின்னால்தான் வருகிறது, முன்னால் போட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அம்மாவின் முழங்கால் வலி மழை விட்ட பிறகு கொஞ்சம் பரவாயில்லை. லிப்ட் மறுபடியும் நின்றுவிட்டது, புது லிப்ட் போடுவதா பழையதையே சரிபார்ப்பதா என்று கட்டடத்து சொசைட்டிக்காரர்கள் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், நாங்கள் மாடி ஏறிக்கொண்டே இருக்கிறோம். உனக்கு அனுப்ப அம்மா பருப்புப்பொடி அரைத்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள், அங்கே கஸ்டம்ஸில் பொடி என்றால் சந்தேகப்படுவார்களோ என்று நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமைதோறும் நீ உங்கள் கம்பெனி நடத்துகிற அந்த ஆன்லைன் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்துவிட்டு மறுநாள் எனக்கு அதையே வீடியோவில் சொல்லிக் காட்டி ஒத்திகை பார்ப்பாய். கேள்வி கேட்காமல் கேட்பதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை என்று சிரிப்பாய். உண்மையில் எனக்கு அந்தப் பாடம் பிடித்திருந்தது. ஒரு வேலையை எத்தனை பேர் கை மாற்றிச் செய்கிறார்கள் என்று படம் போட்டுப் பார்ப்பது, எங்கே தேங்குகிறது என்று அளப்பது, தேவையில்லாத படியை எடுத்துவிடுவது. தப்பு நடந்தால் ஆளைத் தேடாதே, ஏன் நடந்தது என்று ஐந்து தடவை கேள் என்று உங்கள் ஆசிரியர் சொன்னதாகச் சொன்னாய். எங்கள் ஆபீஸில் தப்பு நடந்தால் முதலில் ஆளைத்தான் தேடுவார்கள், அநேகமாக என்னிடம் வந்து முடியும். இப்படி ஒரு படிப்பு என் காலத்தில் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். நான் வேலை பார்த்த கப்பல் கம்பெனியில் ஓய்வு பெற்றவர்களின் மருத்துவக் காப்பீட்டைப் போன வருஷம் உங்கள் கம்பெனி எடுத்துக்கொண்டதும், இந்தியப் பெயர் என்றால் ஷ்ருதிக்குத்தான் தெரியும் என்று அதை உன்னிடம் கொடுத்தார்கள். அதையே பயிற்சிக்கான ப்ராஜெக்டாகவும் வைத்துக்கொண்டாய். பழைய பதிவுகளில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருப்பார், இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். அதற்கு முன்னால் இங்கே வாஷியில் இருக்கும் உங்கள் கிளை ஆபீஸிலிருந்து ஃபர்ஸானா என்ற பெண் சம்பந்தப்பட்டவருக்குப் போன் செய்து கேட்டுத் தெரிந்துகொள்வாள். நீ அளந்து பார்த்தபோது அந்தப் போனில்தான் காரியம் தேங்கியது. கூப்பிட்டா எல்லாரும் அநேகமா ஒரே ஆள்தாம்ப்பா, அவ போன் பண்றது சுத்த வேஸ்ட் என்றாய். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போனால் போன் இல்லாமலே ஒன்றாக்கிவிடலாம் என்பது உன் யோசனை. ஒத்திகையில் அதைக் கேட்டு நானும் நன்றாக இருக்கிறது என்றேன். மூன்றும் எப்படி ஒத்துப்போகும், வேறு வேறு ஆளாக இருந்தால், என்றுதான் அன்று எனக்கும் தோன்றியது. மூன்று வாரமாகச் சோதனை நடக்கிறது, ஒரு புகார்கூட இல்லை, வருகிற வெள்ளிக்கிழமை அதைத் தேர்வாளர்களுக்குக் காட்டினால் சான்றிதழ் கிடைத்துவிடும் என்று போன வாரம் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய்.

திங்கட்கிழமை காலையில் தாராவியிலிருந்து மாரிக்கண்ணன் வந்தார். உனக்கு நினைவிருக்காது. எங்கள் கப்பல்களில் சலவைப் பிரிவில் இருந்தவர், இங்கிலீஷில் ஏதாவது காகிதம் வந்தால் என்னிடம் கொண்டுவந்து அர்த்தம் கேட்பார். கதவைத் திறந்ததும், சார், நான் செத்துட்டேனாம், செத்தவனுக்கு ஒரு சாயா உண்டுமா என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் மனைவி முருகம்மாளுக்கு இதயத்தில் அடைப்பு, செம்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் ஸ்டென்ட் வைக்க நாள் குறித்திருந்தார்கள். வெறும் வயித்தோட கூட்டிட்டுப் போனேன் சார், கார்டப் போட்டுப் பாத்துட்டு அந்தக் கவுண்டர் பிள்ளை எந்திரிச்சு நின்னு எனக்கே துக்கம் விசாரிக்குது, இறந்தவரு உங்களுக்கு அண்ணனா தம்பியான்னு கேக்குது என்றார். கார்டுக்காரர் காலமாகிவிட்டார், கணக்கு மூடப்பட்டது என்று கம்ப்யூட்டரில் வந்திருக்கிறது. உதவி எண்ணில் கேட்டால், கணவரின் மரணச் சான்றிதழைக் கொண்டு வந்தால் மனைவி பெயரில் காப்பீடு தொடரும் என்று சொல்லியிருக்கிறார்கள். முருகம்மாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாரிக்கண்ணன் சாயாவைக் குடித்துவிட்டுக் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, எங்கயாது சொல்லி வச்சு ஒரு சர்ட்டிபிகேட்ட வாங்கிப் போட்ருவமா சார், ஒரு தடவைக்கு நான் செத்தா என்ன, அவ பொழச்சாப் போதும்லா என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். முருகம்மாள் இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கிப் பேசினாள். ஐயா, ஒங்க முன்னால இருக்க மனுசன் உசுரோடதான் இருக்காகன்னு நீங்களாது எழுதிக் குடுங்க, அந்த மெசினு என்னயத் தாலியறுத்தவங்குது, ஒங்க மவ கம்ப்யூட்டர்லதான இருக்கா, அவகிட்டச் சொல்லி என்னன்னு கேளுங்க என்றாள். கேட்கிறேன் என்று சொன்னேன். என் மகள் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறாள் என்பதைச் சொல்லாமலே போனை மாரிக்கண்ணனிடம் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இன்னொரு மாரிக்கண்ணன் இறந்துபோனார். அவர் எஞ்சின் அறையில் இருந்தவர், தேவ்நாரில் வீடு. இரண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கம் ஒரே ஊர். இரண்டு பேருக்கும் தகப்பனார் பெயர் சுடலைமுத்து. இரண்டு பேருக்கும் பிறந்த தேதி ஜூன் ஒன்று, ஒரே வருஷம். ஷ்ருதி, இதைத்தான் நான் ஒத்திகையின்போது யோசித்திருக்க வேண்டும். அங்கே ஒரே சாமியைக் கும்பிடுகிற குடும்பங்களில் பிள்ளைக்கு அந்தச் சாமி பெயரைத்தான் வைப்பார்கள், அடுத்த வீட்டிலும் அதையே வைப்பார்கள், தகப்பன் தலைமுறையிலும் அப்படியேதான். பிறந்த தேதியை யாரும் எழுதி வைத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் வாத்தியார் பையனைக் கையைத் தலைக்கு மேல் சுற்றி மறு காதைத் தொடச் சொல்வார், தொட்டுவிட்டால் ஐந்து வயது, பள்ளி திறக்கிற ஜூன் ஒன்றாம் தேதியைப் பிறந்த நாளாகப் போட்டுவிடுவார். ஒரே நாளில் சேர்ந்த பையன்கள் எல்லோரும் ஒரே நாளில் பிறந்தவர்களாகி விடுவார்கள். நீ நர்சிங் ஹோமில் பிறந்தவள், நேரம் நிமிஷத்தோடு முனிசிபாலிட்டியில் பதிந்திருக்கிறது, உனக்கு இது எப்படித் தெரியும். எனக்கே ஜூன் ஒன்றுதான். நான் பிறந்தது கார்த்திகை மாதத்தில். ஜூன் ஒன்றாம் தேதி நீ ஆன்லைனில் அனுப்புகிற கேக்கை வருஷா வருஷம் வாங்கிக்கொள்கிறேன், அம்மா நட்சத்திரத்துக்குப் பாயசம் வைக்கிறாள், இரண்டையும் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். உன் சோதனையில் இரண்டு மாரிக்கண்ணனும் ஒருவராகி, ஒருவர் இறந்ததும் இருவர் கணக்கும் மூடிவிட்டது. இது என் ஊகம்தான், தப்பாகவும் இருக்கலாம், நான் அந்தப் படிப்பைப் படித்தவனில்லை. ஆனால் உங்கள் ஆசிரியர் சொன்னபடி ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே போனேன், நாலாவது ஏனிலேயே உன் பெயர் வந்துவிட்டது. ஐந்தாவதைக் கேட்கவில்லை.

அன்று பகல் முழுவதும் அம்மாவிடம் சொல்லவில்லை. சாயங்காலம் அவளாகவே கேட்டுவிட்டாள். முதலில் அவளும், வெள்ளிக்கிழமை ஆயிடட்டுமே, பரீட்சைக்கு முன்னாடி கொழந்தையக் கலைக்காதேள் என்றுதான் சொன்னாள். எனக்கும் அதுவே சௌகரியமாக இருந்தது. நீ சொன்னது என் காதிலேயே இருக்கிறது, இதில் தேறாதவர்களை வேறு பிரிவுக்கு மாற்றுவார்கள், வேறு பிரிவு என்றால் வீட்டுக்கு என்று அர்த்தம், வேலை போனால் விசா போகும், குழந்தையின் பள்ளிக்கூடமும் போய்விடும். ஆனால் முருகம்மாளுக்கு ஸ்டென்ட் வைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதைக் கேட்டதும் அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அந்தப் பொம்மனாட்டி மூச்சு விட முடியாம படுத்துண்டிருக்கா, நீங்க பயந்துண்டே போங்கோ, ஆனா போங்கோ என்றாள்.

நேற்று மாரிக்கண்ணனையும் அழைத்துக்கொண்டு கிங்ஸ் சர்க்கிளில் ஏறி, வடாலாவில் வண்டி மாறி, வாஷிக்குப் போனேன். ஃபர்ஸானாவைப் பார்த்தேன், நல்ல பெண், அவள் தகப்பனாருக்கும் திருநெல்வேலிப் பக்கம்தானாம். டென்ஷன் எடுக்காதீங்க அங்கிள், முன்ன மாதிரின்னா ஒரு போன்ல முடிஞ்சிருக்கும், இப்ப நாங்க கால் பண்ணக் கூடாதுன்னு ரூல், ஆனா ஆளே நேர்ல வந்து நிக்கிறாரே, கம்ப்ளெயிண்டா எழுதினா திறந்திரலாம் என்றாள். மாரிக்கண்ணன், எழுதும்மா, உசுரோட இருக்கான், கொஞ்சம் வயசாயிட்டுன்னு எழுது என்றார். அவள் சிரித்தாள். பிறகு என் பெயரைக் கேட்டதும் அவள் கை நின்றுவிட்டது. நீங்க ஷ்ருதி மேடத்தோட டாடியா என்று கேட்டாள். இத எழுதினா மேடம் ட்ரையல்ல முதல் டிஃபெக்டா ஏறிடும் அங்கிள், வெள்ளிக்கிழமை அவங்களுக்கு ப்ரெஸன்டேஷன் இருக்கு, திங்கட்கிழமை எழுதட்டுமா, ஆறு நாள்தானே என்றாள். அவள் நல்லெண்ணத்தில்தான் கேட்டாள். மாரிக்கண்ணன் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் வார்த்தைகள் புரியவில்லை, ஏதோ என் கையில் இருக்கிறது என்பது மட்டும் புரிந்திருக்கிறது. இப்போதே எழுதிவிடுங்கள் என்று சொன்னேன். அவள் எழுதிவிட்டாள். எழுதச் சொன்னவன் நான், அவள்மேல் கோபப்படாதே. ரயிலில் திரும்பி வரும்போது மாரிக்கண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர், பிள்ளைக்கு வேலைக்கு ஒண்ணும் வந்துராதுல்லா சார் என்று கேட்டார்.

இதற்குள் அது உன் திரையில் வந்திருக்கும், அல்லது நாளை வரும். அவர் கணக்கை மறுபடி திறக்க உங்கள் பக்கத்தில் ஒப்புதல் வேண்டுமாம், முதலில் அதைக் கொடு அம்மா, மற்றதைப் பிறகு யோசிக்கலாம். இந்த ஒன்றை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டு வெள்ளிக்கிழமையைக் கடந்துவிடலாம் என்று யாராவது உனக்குச் சொல்லக்கூடும், உனக்கேகூடத் தோன்றலாம், எனக்கும் தோன்றியது. அப்படிச் செய்துவிட்டால், தாராவியிலும் தேவ்நாரிலும் இன்னும் எத்தனை நயினாரும் செல்வமும் மாரிக்கண்ணனும் ஜூன் ஒன்றில் இருக்கிறார்களோ, அவர்களில் யாருக்கோ எங்கோ ஒரு கவுண்டரில் கதவைச் சாத்துவார்கள், அதில் ஒரு உயிர் போய்விட்டால் அதை நீ ஆயுசு முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கும். உன் வேலை போவதைவிட எனக்கு அதுதான் பயம். தெரியாமல் ஒரு யோசனை சொல்கிறேன், சிரிக்காதே. எல்லோருக்கும் போன் வேண்டாம். ஜூன் ஒன்று உள்ளவர்களை மட்டும் தனியாகப் பிரித்து அவர்களுக்கு மட்டும் ஃபர்ஸானா பேசட்டும். ஜனவரி ஒன்றையும் சேர்த்துக்கொள், சில இடங்களில் அந்தத் தேதியைப் போடுவார்கள். நேரமும் பெரும்பாலும் மிச்சமாகும். இதைத் தேர்வாளர்கள் ஒப்புக்கொள்வார்களா, குறை என்பார்களா, எனக்குத் தெரியாது. சோதனையில் தப்பு கண்டுபிடித்தேன் என்று நீயே எழுந்து சொன்னால் மதிப்பார்கள் என்று அம்மா சொல்கிறாள். அவள் எந்த ஆபீஸிலும் வேலை பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன், அதனால் எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. இருந்தாலும் சொல்லிவிடு.

என்மேல் உனக்குக் கோபம் வரும். என்னைக் கேட்காமல் எப்படிச் செய்தாய் என்பாய். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன், நீ வேண்டாம் என்றால் நான் கேட்டுக்கொண்டுவிடுவேனே என்று அதைவிடப் பயந்தேன். ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல் கூப்பிடு. திட்டுவதற்காகவாவது கூப்பிடு, அம்மாவிடம் கொடுக்காமல் நானே எடுக்கிறேன். மாப்பிள்ளையிடம் இதை நீயே உன் வாயால் சொல், நான் சொன்னதாகக் கேள்விப்பட வேண்டாம். குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போட்டு வெளியே அனுப்பு.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் ஒரு குறையும் வராமல் எல்லா நன்மையும் உண்டாகட்டும். அம்மாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள்.

ஒன்றை மறந்துவிடாதே. மாரிக்கண்ணன் என்று தேடினால் உனக்கு ஒரு பதிவுதான் வரும். அதில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவர் உயிரோடு.

இப்படிக்கு,
உன் அப்பா
பத்ரிநாராயணன்