நீங்கள் கொடுக்காத காடு

அக்கா,

முந்தாநாள் உங்கள் ஊரிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு முதல் இறப்பர் தாள்கள் வந்தன. உரப்பையில் சுற்றி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். மேசையில் வைத்துப் பிரித்ததும் புளித்த பாலும் புகையும் கலந்த மணம் அறை முழுவதும் எழுந்தது. பக்கத்து மேசைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைத் திறந்தார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். மணம் தாங்காமல் போகிறேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அந்த மணத்தைப் பற்றி முதலில் எனக்குச் சொன்னவர் நீங்கள்தான். இறப்பர் பயிரிடுவது பற்றி விளக்க உங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்துக்கு நான் வந்த நாள் அது. படத்தைத் தூக்கிக் காட்டி, இந்த மரத்தை யாராவது கண்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். பின்வரிசைக் கதிரையிலிருந்து நீங்கள் சிரித்தீர்கள்.

"கண்டதோ? நான் பால்வாளிக்குப் பக்கத்தில வளந்தனான், மிஸ்."

கூட்டம் முடிந்தபின் மீதியைச் சொன்னீர்கள். தெற்கில் ஒரு இறப்பர்த் தோட்டம். பத்து வயதில் கலவரம். கட்டிய துணியோடு தாயும் மகளும் லொறி ஏறி வன்னிக்கு வந்தது. உங்கள் அம்மா பால்வெட்டும் வேலை பார்த்தவர். வேலை முடிந்து லயத்து வீட்டுக்கு வரும்போது அவரிலிருந்து வந்த மணம் இதுதான். "ஆக்களுக்கு நாத்தம். எனக்கு அம்மா" என்றீர்கள்.

உங்களுக்கும் எனக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். நீங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளர், நான் இறப்பர்த் திட்டத்தின் வெளிக்கள உத்தியோகத்தர். ஒரு மாதத்துக்குள் நான் உங்கள் வீட்டுக் குசினியில் பலகையில் இருந்து பிட்டும் சம்பலும் சாப்பிடும் ஆளாகிவிட்டேன். உங்கள் பேச்சு எங்கள் வடக்குப் பேச்சாகவே மாறியிருந்தது. கோபம் வந்தால் மட்டும் பழைய தோட்டத்துத் தமிழ் எட்டிப்பார்க்கும்.

அந்தக் கோபத்தை நான் முதலில் பார்த்தது மேல்காட்டில். குளத்துக்கு மேலே, மழைத் தண்ணீர் வடிந்து வருகிற பக்கத்தில் நின்ற காடு. பாலையும் முதிரையும் வீரையுமாக மரங்கள் அடர்ந்து, வெயில் நிலத்தில் படாத காடு. அதையும் சேர்த்தால் எங்களுக்குத் தேவையான ஏக்கர் கணக்கு நிறைவாகிவிடும் என்று நான் சும்மா சொல்லிப்பார்த்தேன். நீங்கள் நடையை நிறுத்தினீர்கள்.

"இறப்பர் வேணாமுன்னு நான் சொல்லல மிஸ். காட்டை எரிச்சு வெதச்சு விட்ட பழைய சேனை நிலம் மொட்டையாத்தானே கெடக்கு, அங்க வைங்க. எங்க தோட்டமும் ஒரு காலம் மழைக்காடுதான். எங்க தாத்தா காலத்துல வெட்டினாங்க. தூர இருந்து பார்த்தா பச்சையா, காடு மாதிரியேதான் இருக்கும். உள்ள போய் நின்னு பாருங்க, ஒரு குருவிச் சத்தம் கேக்காது. நான் பொறந்தப்ப எங்க லயத்துக்குப் பின்னால ஓடை இருந்த தடம்தான் இருந்துச்சு."

பிறகு நீங்களே அடங்கி, விழுந்து கிடந்த பாலைப்பழங்களைப் பொறுக்கி என் கையில் போட்டீர்கள். "இந்தக் காடு இருக்குமட்டும்தான் குளத்தில தண்ணி, மிஸ். இதில கை வைக்கவேண்டாம்." நான் ஓம் என்றேன். பழத்தைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன்.

அடுத்த கிழமை, திட்டத்துக்கு ஊர் நிலம் கொடுக்கும் படிவத்தோடு வந்தேன். நிலத்தின் அளவு, நிலத்தின் தற்போதைய நிலை என்ற இரண்டு கட்டங்களும் வெறுமையாக இருந்தன. "அளந்துபோட்டு நான் நிரப்புறன் அக்கா" என்றேன். நீங்கள் அடுப்படியிலிருந்து வந்து, ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கையெழுத்து வைத்தீர்கள். வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. என்னை வாசித்துவிட்டதாக நினைத்திருப்பீர்கள்.

சேனை நிலத்தை அளந்தபோது கணக்குப் போதவில்லை. திட்டமே வேறு ஊருக்குப் போய்விடும் என்ற கதை அடிபட்டது. "மேல்காட்டையும் சேர்த்துப் பற்றைக்காடு எண்டு போடுங்கோ, ஆர் வந்து பாக்கப் போகினம்" என்று எனக்கு மேலே இருந்தவர் சொன்னார். சொன்னது அவர்தான். எழுதிய கை என்னுடையது. ஒரு சொல்தான் அக்கா. பற்றைக்காடு. நூறு வருடத்துப் பாலைமரங்களை, வெறும் புதர் என்று சொல்லும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கி, உங்கள் கையெழுத்துக்கு மேலே எழுதினேன். திட்டம் கைவிட்டுப் போனால் உங்களுக்கும்தான் நட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பதவி உயர்வு அந்த மாதம்தான் மேசைக்கு வர இருந்தது என்பதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

படிவத்தில் பற்றைக்காடு என்று இருந்ததால் உண்மையிலேயே யாரும் வந்து பார்க்கவில்லை. டோசர் வந்தது. மூன்று நாளில் எல்லாம் முடிந்தது.

ஊர் கொதித்து அலுவலகத்துக்கு வந்தபோது படிவத்தை எடுத்துக் காட்டினார்கள். எல்லோரும் பார்த்தது கீழே இருந்த உங்கள் கையெழுத்தைத்தான். கமக்காரர் அமைப்பின் தலைவர் அங்கேயே, என் காதுபடச் சொன்னார்: "தோட்டத்தில இருந்து வந்தவளுக்கு எங்கட காட்டைப் பற்றி என்ன கவலை?" நாற்பது வருடம் அந்த மண்ணில் வயல் விதைத்து, எல்லாரோடும் சேர்ந்து இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்து கிணறு இறைத்த உங்களை ஒரு வசனத்தில் வெளியூர்க்காரியாக்கினார். நான் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நீங்கள் பஸ் ஏறி என்னைத் தேடி வந்தீர்கள். சத்தம் போடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கதிரையில்கூட இருக்கவில்லை.

"அது உங்கட எழுத்து எண்டு எனக்குத் தெரியும். ஏன் எழுதினீங்கள் எண்டு நான் கேக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நீங்கள் வந்து, நான் குடுக்கேல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ. மரம் இனி வராது. என்ர பேராவது வரட்டும்."

"வாறன் அக்கா" என்றேன்.

நான் வரவில்லை. காய்ச்சல் என்று பிறகு ஆளிடம் சொல்லி அனுப்பினேன். அந்தக் கூட்டத்தில் உங்களைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கினார்கள். கோயில் பொங்கலுக்கு உங்கள் வீட்டில் அரிசி வாங்காமல் விட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். உங்கள் ஊர்ப் பக்கத்து வேலைகளை வேறொருவருக்கு மாற்றிவிடும்படி கேட்டு வாங்கிக்கொண்டேன். பதவி உயர்வும் வந்தது.

மேல்காட்டில் வைத்த இறப்பர்க் கன்றுகள் இரண்டாவது கோடையைத் தாண்டவில்லை. வெட்டையாய்க் கிடந்த கிரவல் மண் மழைக்குக் கரைந்து குளத்தில் இறங்கியது. மாசியிலேயே குளத்தின் அடி தெரிய ஆரம்பித்தது. சேனை நிலத்தில் நீங்கள் வைத்த கன்றுகள் மட்டும் நின்றன. தென்னோலையால் நிழல் கட்டி, குடம் குடமாய்ச் சுமந்து தண்ணீர் ஊற்றினீர்களாம். அவற்றுக்குப் பால் வெட்டும் வயது வருவதற்கு முன்பே, மூன்று வருடத்துக்கு முதல் ஒரு காலையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த மரங்களுக்கு நடுவிலேயே குந்திவிட்டீர்கள். வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் எல்லாம் முடிந்துவிட்டது. செத்தவீட்டில் ஆட்கள் குறைவு. நான் படலைக்கு வெளியே நின்று, உடல் எடுக்கும் முன்பே திரும்பிவிட்டேன்.

முந்தாநாள் வந்த தாள்கள் அந்த மரங்களின் பால். உங்கள் மகள் வெட்டியது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாதக் கூட்டம் என்று தெரியும். காலையில் பஸ் ஏறினேன். மண்டபத்தில் அதே தலைவர், கொஞ்சம் நரைத்து. உங்கள் மகள் பின்வரிசையில். நான் எழுந்து நின்று சொன்னேன். "மேல்காட்டை அவா குடுக்கேல்லை. வெறும் படிவத்தில கையெழுத்து வாங்கி, நான்தான் எழுதினனான்." சொல்லி முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும். தலைவர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். "கடைசி மட்டும் நான் குடுக்கேல்லை எண்டுதான் சொன்னவா. நாங்கள்தான் கேக்கேல்லை" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அவா இருக்கேக்க வந்திருக்கலாமே, மிஸ்" என்றார்.

கூட்டறிக்கைப் புத்தகத்தை என் முன்னால் வைத்தார்கள். நான் சொன்னதை என் கையாலேயே எழுதிக் கையெழுத்து வைத்தேன். படிவத்தைத் திருத்தவும், மேல்காட்டைத் திட்டத்திலிருந்து நீக்கி அப்படியே வளர விடவும் நாளை அலுவலகத்தில் கடிதம் கொடுக்கிறேன். விசாரணை வரும். வரட்டும்.

உங்கள் மகள் பஸ் நிறுத்தம் வரை என்னோடு நடந்து வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் உங்களைப் போலவே நேராகப் பேசுகிறாள்.

"அம்மாக்கு உங்களில கோபம் இருந்தது மிஸ். இல்லையெண்டு நான் பொய் சொல்லமாட்டன். காடு வளர விடுறது நல்லது. ஆனா ஒரு பாலை வளர எங்கட ரெண்டு பேற்ற ஆயுளும் காணாது." பஸ் வந்தபோது கையைக் காட்டி நிறுத்தி என்னை ஏற்றிவிட்டாள். அவ்வளவுதான்.

அக்கா, இன்று கூட்டத்தில் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதை உங்களுக்கு மட்டும் சொல்லவேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல் இல்லை. சேலை உடுத்து, கைப்பையும் எடுத்து, வாசல் கதிரையில் இருந்தேன். ஒன்பதரை பஸ் போனது. பத்து மணி பஸ்ஸும் போனது. கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என் மடியில் இருந்த கைபேசி அடித்தது. உங்கள் பெயர். அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் நீங்கள் உங்கள் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்க்க எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டாம் முறையும் அடித்தது. அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் முறை அடித்தால் எடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். நீங்கள் அதற்குப் பிறகு அழைக்கவேயில்லை.