தொட்டுப் பார்க்க ஒரு குடில்

இன்று காலை லேபில் ஒரு பல்செட்டைத் தேய்க்கும்போது மோட்டாரைக் கொஞ்சம் அழுத்திவிட்டேன். அக்ரிலிக் கருகும் வாசனை எழுந்தது. எதிர் மேசையில் நீ இருந்திருந்தால், "மெதுவாடி பாத்திமா, சட்டி தீயுற மாதிரி நாறுது" என்று சொல்லியிருப்பாய். நீ இறந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. ஆனாலும் இந்த வாசனை வந்தால் எனக்கு நம் ஒட்டகம்தான் நினைவுக்கு வருகிறது.

சிதம்பரத்தில் உன் அம்மாவுக்குப் பார்வை முழுதாகப் போன வருஷம் அது. கிறிஸ்துமஸ் குடில் என்றால் அவருக்கு உயிர். "பாக்க முடியலன்னா என்ன, தொட்டுப் பாக்கட்டும்" என்று, பல்செட் செய்யும் அக்ரிலிக்கிலேயே விரல் உயரப் பொம்மைகளைச் செய்தாய். தலை, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாகச் செய்து பசையால் ஒட்டினாய். கடலூரிலிருந்து உன்னோடு நானும் பஸ் ஏறினேன். அம்மா முதலில் ஒட்டகத்தை எடுத்துத் தடவினார். கழுத்து கையோடு வந்துவிட்டது.

அவர் பயந்துபோய் இரண்டு கைகளையும் மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"ஒடச்சிட்டேனா? வேணாம்மா, நான் தொடல. நீங்க சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

நீ சிரித்துச் சமாளித்தாய். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாய். கடலூரில் இறங்கியதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வெறும் பசை பத்தாது. உள்ள கம்பி வெக்கணும்" என்றாய்.

அதன்பிறகு மதியச் சாப்பாடு முடிந்தால் அதுதான் நமக்கு வேலை. முதலில் குண்டூசியை வெட்டி வைத்தோம். "கடலூர் உப்புக்காத்துக்கு இது துரு புடிச்சிடும்" என்று நீயே பிடுங்கிப் போட்டாய். பேப்பர் கிளிப் கம்பி ஒட்டகத்துக்குச் சரியாக இருந்தது, ஆட்டுக்காலைப் பிளந்துவிட்டது. கடைசியில் நகைப் பட்டறையில் கேட்டு வாங்கிய மெல்லிய பித்தளைக் கம்பிதான் எல்லாவற்றுக்கும் ஒத்துவந்தது. அதையும் வழவழவென்று விடாமல் அரத்தால் கீறினாய், பசை பிடிக்க.

துளை போடுவதுதான் பெரும்பாடு. லேப் மோட்டாரின் வேகத்தில் அக்ரிலிக் உருகி, துளை அகலமாகிப் போனது. வாட்ச் ரிப்பேர்காரர்கள் விரலால் உருட்டும் கை டிரில்லை எங்கிருந்தோ தேடிப் பிடித்து வந்தாய். நான் பிடித்துக்கொள்ள, நீ மெதுவாக உருட்டினாய். கோலமாவு போல வெள்ளைத்தூள் உதிர்ந்தது. இரண்டு பக்கத் துளையும் நேராக வர வேண்டுமே என்று விழித்தபோது, ஒரு பக்கத் துளையில் கம்பியைச் செருகி, நோயாளிகள் கடித்துப் பார்க்கக் கொடுக்கும் சிவப்பு மைக் காகிதத்தை நடுவில் வைத்து மறுபக்கத்தோடு அழுத்தினேன். கம்பி முனை பட்ட இடத்தில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி. "அடிப்பாவி, இத மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்று என் முதுகில் ஒன்று வைத்தாய்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கும் அம்மா கைகளை மடியை விட்டு எடுக்கவில்லை. நீ ஒட்டகத்தை அவர் காதருகே வைத்துக்கொண்டு கழுத்தைப் பிடித்து இழுத்தாய்.

"நானே இழுக்கிறேம்மா. வரல பாரு. நீயும் இழு."

ஒரு விரல் வந்தது. பிறகு பத்து விரலும் வந்தன. குழந்தை, ஆடு, இடையன் என்று ஒன்று விடாமல் தடவினார்.

"இந்த மாட்டுக்கு ஏன் இவ்ளோ பெரிய காது?"

"அது கழுதம்மா!"

நாம் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். சாப்பிடும்போதும் ஒட்டகம் அவர் இடது கையிலேயே இருந்தது. அன்று உன் முகத்தில் இருந்த நிம்மதியை, பிறகு நோய் உன்னைப் படுக்கவைத்த நாட்களிலும் அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

போன டிசம்பரில் தனியாகத்தான் போனேன். அம்மா எல்லாப் பொம்மைகளையும் தடவி, "ஒண்ணுகூட ஆடல" என்றார். பிறகு கை நீட்டி என் முகத்தையும் தடவினார்.

"அடுத்த வருஷம் ஒரு ஆனை செய்வியா?"

"குடில்ல ஆனை ஏதும்மா?"

"இருந்தா என்னவாம்? எனக்குத் தொட்டுப் பாக்கணும்."

செய்துகொண்டிருக்கிறேன். உன்னிடம் கேட்க வழியில்லாததால், தும்பிக்கைக்கு எந்தக் கம்பி என்று நானே முடிவு செய்தேன்: மெல்லிய பித்தளை இரண்டை முறுக்கி, தலைக்குள் ஆழமாக இறக்கியிருக்கிறேன். அம்மா அதைப் பிடித்துத்தான் யானையைத் தூக்குவார். தூக்கட்டும்.