மூத்திரப்பையை விட்டுக்கொடுக்காத அண்ணனுக்கு

அண்ணா,

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு இரும்புக் கேட்டுக்கு இன்று எனாமல் அடிக்கிறார்கள். தின்னர் வாசனை சமையலறை வரை வந்துவிட்டது. தலை வலிக்குமே என்று சன்னலைச் சாத்தப் போன என் வீட்டுக்காரரை வேண்டாம் என்று தடுத்தேன். பெயிண்டரான உன் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை அல்லவா!

வலியே இல்லாமல் உனக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. புற்றுநோய் சிறுநீர்ப்பையின் தசைக்குள் இறங்கிவிட்டது, பையையே எடுத்துவிட்டு சிறுநீர் இறங்க வயிற்றுக்கு வெளியே ஒரு பை மாட்ட வேண்டும் என்று விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் நீ ஒன்றைத்தான் கேட்டாய்.

"பையைத் தொங்க வுட்டுக்கினு சாரத்துல எப்பிடிம்மா ஏர்றது?"

கிளியனூர் பக்கத்து நம் ஊர் மாதா கோயில் மணிக்கோபுரத்துக்கு, திருவிழாவுக்கு முன்னால் வருடா வருடம் நீதான் வண்ணம் அடிப்பாய். அடுத்தவன் பிரஷ் அதில் பட விடமாட்டாய். பை மாட்டிக்கொண்டு எத்தனையோ பேர் வேலைக்குப் போகிறார்கள் என்றேன். உண்மைதான். நீ அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதனால்தான் உன்னைப் புதுச்சேரிக்கு இழுத்துப் போனேன். கட்டி ஒரே இடத்தில் இருக்கிறது, சிறுநீரகம் வீங்கவில்லை. உள்ளே குழாய் விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் அங்கே இருந்த டாக்டரம்மா. எல்லாருக்கும் இது பொருந்தாது, மிச்சம் இருந்தாலோ திரும்ப வந்தாலோ பையை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. எனக்கோ கைதட்ட வேண்டும் போல இருந்தது. எடுக்காமலும் ஒரு வழி இருக்கிறது!

கதிர்வீச்சுக்குப் போன முதல் நாள் கூடத்தில் எல்லாரும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்ததைப் பார்த்து நீயும் குடித்தாய். அவர்களுக்கு வேறு இடத்தில் நோய். அதற்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். உனக்குக் காலியாக இருக்க வேண்டும். மெஷினில் படுக்க வைத்துப் படம் எடுத்துப் பார்த்த பையன் உன்னை எழுப்பி பாத்ரூமுக்கு அனுப்பினான். "பந்தியில பக்கத்து எலையப் பாத்து சாப்ட்டுத்தான் எனக்குப் பழக்கம்" என்று நீ சொன்னதில் அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

சிகிச்சை முடிந்து, மறுபடி உள்ளே குழாய் விட்டுப் பார்த்த நாளில் நான் வெளியே காத்திருந்தேன். பை தங்குமா, போகுமா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். மரத்துப்போக மருந்து மட்டும் போட்டிருந்ததால் நீ விழித்துக்கொண்டு திரையையே பார்த்தாயாம். டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் நீயே சொல்லிவிட்டாயாம்:

"செவுரு சுத்தமா கீது டாக்டர். பழைய பேட்ச் வேலைதான் லேசா தெரியுது."

தானும் அதையேதான் சொல்ல வந்ததாக அவர் வெளியே வந்து என்னிடம் சிரித்தார். எடுத்து அனுப்பிய சதைத்துணுக்கிலும் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே உன்னைக் கட்டிக்கொண்டேன். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று நீ நெளிந்தாய்.

அந்த வருடத் திருவிழாவுக்கு நீ கோபுரம் ஏறினாய். கதிர்வீச்சு பட்ட பையில் முன்போல நிறையத் தங்காது; அடிக்கடி கீழே இறங்கி ஓடினாய். முடியவில்லை என்றால் விட்டுவிடேன் என்று கத்தினேன். "என் சொந்தப் பையில இருந்து போய்க்கினு வர்றேன், உனக்கு இன்னா?" என்று மறுபடி ஏறினாய்.

பிறகு ஒரு விடியற்காலை, தூக்கத்திலேயே உன் இதயம் நின்றுபோனது. அதற்கு முந்தைய பரிசோதனை வரைக்கும் பை சுத்தமாகத்தான் இருந்தது.

போன வாரம் என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி அழுதுகொண்டு வந்தாள். அவள் கணவருக்கும் அதே நோய். கட்டி ஒன்றா பலதா, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா, பையை வைத்துக்கொண்டே வைத்தியம் பார்க்க முடியுமா என்று கேட்டீர்களா என்று என் வாய் தானாக அடுக்கியது. அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். எல்லாம் பார்த்துவிட்டு, முயன்று பார்க்கலாம் என்றார். அந்த மனிதர் டாக்டரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க, எங்க அண்ணன் அப்பிடித்தான் பண்ணிக்கினாரு. கோபுரமே ஏர்றாரு" என்றேன்.

ஏறினார் என்று சொல்லியிருக்க வேண்டும். அது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.