பனையேறிக் கெண்டை ஒன்று தொட்டியில் இல்லாதது குறித்து

அனுப்புநர்
மு. மாரிசெல்வி, பத்தாம் வகுப்பு,
த/பெ. முனியராஜ்,
கிழக்குத் தெரு கடைசி வீடு,
ஆமத்தூர் அருகில், விருதுநகர் மாவட்டம்.
(என் பெயரை யாரிடமும் சொல்ல வேண்டாம்)

பெறுநர்
உதவி இயக்குநர் அவர்கள்,
மீன்வளத் துறை,
விருதுநகர் மாவட்டம்.

பொருள்: வீட்டில் வளர்க்கும் நாட்டு மீனைப் பார்வையிட வருவதுபோல் வந்து, மீன் தொட்டி உள்ள அறையில் இருக்கும் வெடிமருந்தை அகற்ற வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஜூலை மாதம் தாங்கள் எங்கள் பள்ளிக்கு வந்து நாட்டு மீன்களைப் பற்றிப் பேசினீர்கள். அரிதாகிவரும் மீன் எதையாவது வளர்ப்பவர்கள் எழுதினால் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னீர்கள். வேறு எந்த அதிகாரியையும் எனக்குத் தெரியாது. வீட்டில் எல்லோரும் உறங்கிய பின் எழுதுவதால் கையெழுத்து கோணலாக உள்ளது. பொறுத்துக்கொள்ளவும்.

1. என்னிடம் பனையேறிக் கெண்டை இரண்டு இருந்தன. சென்ற ஆண்டு மழையின்போது ஆனைக்குட்டம் அணைக்குப் போகும் சாலையில் ஊர்ந்துகொண்டிருந்தவற்றை எடுத்து வந்தேன். எங்கள் கண்மாயில் இப்போது ஜிலேபிக் கெண்டைதான் கிடைக்கிறது. இந்த மீனைப் பார்த்தே பல வருடம் ஆகிறது என்று வலை போடுகிறவர்களே சொன்னார்கள். அப்பா பின் அறையில் சிமெண்ட் மேடை கட்டி, அதன்மேல் கண்ணாடித் தொட்டி வைத்துக் கொடுத்தார்.

2. அப்பா பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்கிறார். கம்பெனியில் சோதனை வருகிறது என்று சென்ற மாதம் போர்மேன் செந்தூர்பாண்டி அவர்கள் மருந்துக் கலவை மூட்டைகளைக் கொண்டுவந்து அந்த அறையில் அடுக்கினார். அப்பா தயங்கினார். அதற்கு அவர், "ஏலே முனியராசு, மீனுக்கு மாளிகை கட்டி வச்சிருக்க, என் மூட்டைக்கு எடமில்லையாக்கும்?" என்று சிரித்தார். கந்தக வாடையைப் பற்றி அக்கம்பக்கத்தில் கேட்டால் மீன் தொட்டி நாற்றம் என்று சொல்லச் சொன்னார். அதனால் தொட்டியை அங்கிருந்து எடுக்கவும் விடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்ப்பவர்களுக்குத் தொட்டி மட்டுமே தெரியும்.

3. இந்த மீன் மற்ற மீன்களைப் போன்றதல்ல என்பது தங்களுக்குத் தெரியும். மேலே வந்து காற்றைக் குடிக்கும். மழை வாடை பட்டால் தண்ணீரை விட்டு வெளியேறி, செவுள் முள்ளை ஊன்றி நடக்கும். அதனால் தொட்டியைப் பலகையால் மூடி மேலே செங்கல் வைத்திருந்தேன். சென்ற சனிக்கிழமை நான் சிறப்பு வகுப்புக்குப் போயிருந்தபோது, திரி உலர்த்துவதற்கென்று போர்மேன் அந்தப் பலகையை எடுத்துப் போய்விட்டார். அன்று மாலை நல்ல மழை. நான் வந்து பார்த்தபோது தொட்டியில் ஒரு மீன்தான் இருந்தது. மேடையிலிருந்து மூட்டைகள் வரை தரையில் மீன் ஊர்ந்துபோன ஈரத் தடம் இருந்தது.

4. ஈரம் பட்ட மருந்து தானாகச் சூடேறும், அதனால்தான் மழை நாளில் வேலையை நிறுத்திவிடுவார்கள் என்று அப்பா முன்பு சொல்லியிருக்கிறார். அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் வாசற்படியிலேயே நின்று மூட்டைகளைப் பார்த்தார். நகர்த்தினால் உரசித் தீப்பிடிக்கும் என்பதால் தொடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, எங்களை வெளியே தெருவில் பாய் போட்டுப் படுக்கச் சொன்னார். மறுபடியும் மழை வந்ததால் உள்ளே வர வேண்டியதாயிற்று. நானும் அம்மாவும் தங்கை எழிலும் படுக்கும் இடத்துக்கும் மூட்டைகளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கிறது.

5. மறுநாள் அப்பா போர்மேனிடம் கெஞ்சினார். "மீனு செத்து நாறுனா தன்னால தெரியும்லே. தீபாவளி லோடு போகட்டும், எடுத்துக்கிறேன்" என்றார் அவர். அப்பா மீண்டும் கேட்டதும் குரலை மாற்றிக்கொண்டு, "வெளிய பேச்சுப் போச்சு, உள்ள போறது நீதான். மூட்டை யாரு வீட்ல இருக்கு?" என்றார். அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். அம்மா என்னிடம், "நீ படிக்கிற வேலையப் பாரு தாயி, ஒங்கப்பா பாத்துக்கிடுவாக" என்றார். ஆனால் அம்மாவும் உறங்குவதில்லை. இப்போது இதை எழுதும்போதுதான் கண் அசந்திருக்கிறார்.

6. மிச்சமிருந்த மீனைக் குடத்தில் விட்டு, வாயைத் துணியால் கட்டி அடுப்படியில் மறைத்து வைத்திருக்கிறேன். தொட்டியில் மீன் இல்லை என்றால் வாடைக்குச் சொல்லக் காரணம் இருக்காது என்பதால், போர்மேன் கேட்டால் தொட்டியின் அடியில் கிடக்கிறது என்று சொல்வதாக அம்மாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். தண்ணீர் இல்லாமலும் இந்த மீன் வெகுநேரம் உயிரோடு இருக்கும் என்று தாங்கள் பள்ளியில் சொன்னபோது எல்லோரும் கைதட்டினோம். இப்போது அந்த மீன் ஈரத்தோடு மூட்டைகளுக்கு நடுவில் இன்னும் உயிரோடு இருக்கும் என்றே நினைக்கிறேன். இரவில் சுவருக்கு அந்தப் பக்கம் சாக்கு உரசுவதுபோல் சத்தம் கேட்கிறது. அது எலியாகவும் இருக்கலாம். பள்ளி விட்டு வந்ததும் அடி மூட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். இன்று மாலை வரை குளிர்ச்சியாகவே இருந்தது.

ஆகவே ஐயா அவர்கள் இம்மனு கிடைத்த அன்றே எங்கள் வீட்டுக்கு மீன் பார்க்க வர வேண்டும். எங்கள் வீட்டில் மீன் இருப்பது ஊருக்கே தெரியும் என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தீயணைப்புத் துறையினரையும், வெடிமருந்தைக் கையாளத் தெரிந்த காவலர்களையும் தெருமுனையில் நிறுத்திவிட்டு வரவும். காலை பத்து மணிக்குமேல் போர்மேன் கம்பெனியில் இருப்பார். முதலில் அம்மாவையும், பள்ளிக்குப் போகாமல் இருந்தால் எழிலையும், பக்கத்து வீட்டுக்காரர்களையும் வெளியேற்றிவிடவும். அறைக்குள் போகிறவர்கள் செருப்பையும் கைப்பேசியையும் வெளியிலேயே விட்டுவிட வேண்டும். விளக்கு சுவிட்சைப் போடவே கூடாது. மூட்டையை யாரும் இழுக்கக் கூடாது. மீனைத் தேட வேண்டாம்.

அப்பா பயத்தில்தான் சம்மதித்தார் என்பதை விசாரிப்பவர்களிடம் தாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். அவர் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு, மூட்டை கொண்டுவந்தவரை விட்டுவிடக் கூடாது.

இம்மனுவை நாளைக் காலை பள்ளிக்குப் போகும் வழியில் தங்கள் அலுவலகத்தில் கொடுத்துவிடுவேன். இதற்குப் பதில் கடிதம் அனுப்ப வேண்டாம். தபால்காரர் எங்கள் தெருக் கடிதங்களைப் போர்மேன் வீட்டில்தான் கொடுத்துவிட்டுப் போகிறார். தொலைபேசியிலும் அழைக்க வேண்டாம். தாங்கள் வந்தால் அதுவே எனக்குப் பதில்.

பணிவுடனும் பயத்துடனும் காத்திருக்கும்,
மு. மாரிசெல்வி

இடம்: ஆமத்தூர் அருகில்
நாள்: 09.10.2025